கோலமாவோடு தூவிய பாப்பி

பூமியைத் துளைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறியபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இறங்கியபோது அது முழுக்க நரைத்திருந்தது. இடையில் ஆந்திரா, ராஜஸ்தான், இமாசலம் என்று எங்கே போர் போடக் கூப்பிட்டாலும் போய், தண்ணீர் வரும்வரை, அல்லது இடத்துக்காரர் போதுமப்பா என்று கையெடுத்துக் கும்பிடும்வரை, ராடு இறக்கியிருக்கிறேன். ஆழம் போகப் போகத்தான் பலன் என்று பழகிய ஆள் நான். என்னிடம் வந்து, விதையின் மேல் நகக்கண் அளவு மண்கூடப் போடாதே என்றால் எப்படி நம்புவேன்? போன வருஷம் ஐப்பசியில் நான் நம்பவில்லை.

வண்டியை விட்டு இறங்கினேன் என்று சொன்னேனே தவிர, அப்போது முழுசாக இறங்கியிருக்கவில்லை. கம்ப்ரசர் சத்தத்தில் காது பாதி போயிருந்தது, இடுப்பும் பிடித்துக்கொண்டது. பழைய முதலாளியின் மகன்தான் இப்போது வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல பிள்ளை. "பொங்கல் வரைக்கும் ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்ணா. தை பொறந்ததும் வாங்க. ராடு தூக்க வேண்டாம், பசங்களை மேய்ச்சுக்கிட்டு நின்னாப் போதும்" என்று அனுப்பிவைத்தார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் எனக்குப் போகவே பிடிக்கவில்லை. வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

இடம் என்றால் படுக்கிற இடத்தைச் சொல்லவில்லை. வீடு என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டும்போது பக்கத்தில் நின்றவள் என் மனைவி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டே மகளைப் படிக்க வைத்தாள், மாப்பிள்ளை பார்த்தாள், தண்ணித்தொட்டி கட்டினாள், முருங்கையை வெட்டினாள். நான் ஆடிக்கும் தீபாவளிக்கும் வந்து போனேன். எங்கள் பக்கம் விருந்தாளியை ஒரம்பரை என்போம். நான் அப்படித்தான் இருந்தேன். வந்தவுடன் கால் கழுவத் தண்ணீர், கோழிக்குழம்பு, எதிர்த்து ஒரு சொல் கிடையாது. கல்யாணச் சீரில் வந்த பெரிய வட்டல் ஒன்று இருக்கிறது, விளிம்பில் பூ வேலை செய்த எவர்சில்வர் தட்டு. பரணிலிருந்து அதை இறக்கி எனக்குச் சோறு போடுவாள். அவள் சாப்பிடுவது அடி நெளிந்த சின்ன வட்டலில். எத்தனை வருஷமானாலும் இதில் மாற்றமே இல்லை.

இந்த முறை வந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. கேட்டாள்.

"ஏனுங்க, வண்டி எப்பக் கெளம்புதுங்க?"

அவள் வழக்கமாகக் கேட்பதுதான். முறுக்குச் சுடவும் பருப்புப்பொடி இடிக்கவும் நாள் தெரிய வேண்டுமல்லவா. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கேட்கிறாளா, அனுப்புகிறாளா என்று புரியவில்லை. "தை பொறந்ததும்" என்றேன். "ம்" என்றுவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

பாப்பி என்கிற பூ என் தலைக்குள் வந்தது அதற்கு முந்தைய வருஷம். இமாசலத்தில் ஒரு மலைச்சரிவு வீட்டில் போர் போட்டோம். வீட்டுக்கு முன்னால் சிவப்புச் சிவப்பாக ஒரு பூ, மெல்லிய தண்டில் காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது. கல் தூசு அதன் மேல் படிய மனம் வராமல் ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்துவிட்டுத்தான் வண்டியை முடுக்கினேன். வண்டிப் பையன்கள் சிரித்தார்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"காயிதத்துல வெட்டி ஒட்டுன மாதிரி இருக்குதுங்க. நம்மூருல வருமுங்களா?"

"இந்த வெயிலுக்கா? வராது" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

மறுநாள் பார்க்கிறேன், வாட்ஸ்ஆப்பில் அவள் முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் அந்தப் பூ இருந்தது. அதுவரை அங்கே மகளின் கல்யாணப் படம்தான் இருந்தது. அதன்பிறகு கேஸ் வந்தது, தறிக்கு நூல் வந்தது, தேங்காய் போட்டாச்சு என்று அவள் எதை அனுப்பினாலும் கூடவே அந்தச் சிவப்பும் வந்தது. என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை. ஒருவேளை கேட்டது இது ஒன்றுதானோ என்று ராடு இறக்கிக்கொண்டே யோசித்திருக்கிறேன்.

வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொல்லி அந்தப் பாப்பி விதையை வரவழைத்தேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி அன்றைக்குப் பார்த்து வந்திருந்தான். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது கசகசாச் செடியாட்ட இருக்குது. அபின் எடுக்கற செடின்னு போலீசு வந்துருமுங்க!"

"அது வேற, இது வேற மாப்பிள்ளை. இது வயக்காட்டுல வர்ற அழகுப்பூ. பாப்பா எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் அனுப்புச்சு."

விதையைக் கையில் கொட்டிப் பார்த்தபோது எனக்கே சந்தேகம்தான். கசகசாவைவிடப் பொடி. மூச்சு விட்டால் பறந்துவிடும். இதற்குள்ளிருந்து ஒரு செடி வருமா?

வாசலுக்குக் கிழக்கே, வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி கிடந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. கடப்பாரையை எடுத்தேன். தோண்ட ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பாறையில் கடப்பாரை டங்கென்று இடித்த பிறகுதான் நிறுத்தினேன். மண்ணைத் திரும்பத் தள்ளி, விரலால் ஆழமாகக் குழி போட்டு, விதையைப் போட்டு மூடி, காலால் நன்றாக மிதித்து, குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்தேன். என் மனைவி தறிக் கொட்டகை வாசலில், தலையெல்லாம் பஞ்சாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த ஒரம்பரை ஏதோ ஆசைப்பட்டுச் செய்கிறார், செய்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல் ஒரு சிரிப்பு.

மழை பெய்தது. கோரை முளைத்தது, தும்பை முளைத்தது. பாப்பி முளைக்கவில்லை. தினமும் குத்தவைத்து மண்ணையே பார்த்துப் பார்த்து முட்டிவலி வந்ததுதான் மிச்சம். மகள் பொட்டலத்தின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அப்பா, மேலாகத் தூவுனாப் போதும்னு போட்டிருக்குது. வெளிச்சம் பட்டாத்தான் மொளைக்குமாம். நீங்க எவ்வளவு ஆழத்துல போட்டீங்க?"

காது கேட்காததில் சில வசதிகள் உண்டு. "ஆங்? சரியாக் கேக்கலை சாமி" என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த பொட்டலம் வருவதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. இந்தத் தடவை மண்ணைச் சீவிச் சமப்படுத்தி, லேசாக ஈரம் பண்ணி, நின்றவாக்கில் தூவினேன். தூவினேன் என்று நான் சொல்கிறேன். உண்மையில் கொட்டினேன். இரும்பு ராடைப் பிடித்துப் பிடித்து மரத்த விரல்கள். ஒன்று, இறுக்கும். இல்லையென்றால் விட்டுவிடும். நடுவில் ஒரு நிலை அதற்குத் தெரியாது. ஒரே இடத்தில் கறுப்பாக விதை குவிந்துகிடந்தது.

தறி நின்றது. என் மனைவி இறங்கி வந்தாள்.

"அப்படிப் போட்டா ஒண்ணை ஒண்ணு அமுக்கிப்போடுமுங்க. இங்க குடுங்க."

மீதி விதையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கோலமாவு டப்பாவோடு வந்தாள்.

"மாவு போட்டா எறும்பு வராதா?" என்றேன்.

"அரிசி மாவுன்னா தூக்கிட்டுப் போயிரும். இது கல்லுமாவுங்க."

விதையை மாவில் கலந்தாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் எடுத்தாள். குனிந்தாள். தினமும் விடியும்போது வாசலில் அவள் செய்கிற வேலைதான், ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். சிவந்த மண்ணில் நூல் நூலாக வெள்ளைக் கம்பி இறங்கியது. எங்கே விதை விழுந்தது, எங்கே விழவில்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. நேர் வரிசையாகத்தான் ஆரம்பித்தாள். பாதி போனதும் கை வளைந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் சுழித்தது. நிமிர்ந்து பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

"கை அதுபாட்டுக்குப் போகுதுங்க. நான் என்ன பண்றது!"

மண் போடவில்லை. ஒரு பலகையால் மெல்ல அழுத்தினேன், அவ்வளவுதான். தண்ணீர் விட, ஒரு பாட்டில் மூடியில் ஊசியால் துளைகள் போட்டேன். துளை போடுவது எனக்குத் தெரிந்த வேலைதானே, அது மட்டும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்த்தால் மண்ணில் பச்சையாக ஏதோ தேய்த்துவிட்டது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். மயிரிழை மயிரிழையாக முளை. அவள் கை வளைந்த இடத்தில் வளைந்து, சுழித்த இடத்தில் சுழித்து, கோலம் அப்படியே பச்சையாக எழுந்திருந்தது. நான் போட்ட கூச்சலுக்கு அவள் தறியை விட்டுவிட்டு ஓடிவந்தாள். விழுந்துவிட்டேன் என்று நினைத்தாளாம். அன்றிலிருந்து காலை டீயை இரண்டு பேரும் அங்கேயே நின்று குடிப்பது பழக்கமாகிவிட்டது. நெருக்கமாக முளைத்ததை அவள் பிடுங்கிப் போடுவாள். எனக்குப் பிடுங்க மனம் வராது, அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் என் மைத்துனன் டிவிஎஸ் வண்டியில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். கோழி எரு. நாமக்கல் ஆளுக்கு உலகத்தில் எந்தப் பயிருக்கும் மருந்து அது ஒன்றுதான். "போடுங்க மாமா. ஒரே வாரத்துல பாருங்க, இடுப்பு உசரம் நிக்கும்" என்றான். அவன் அக்கா எடப்பாடியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். எருவோ சுடச்சுடப் பண்ணையிலிருந்து அள்ளி வந்த பச்சை எரு. நான் கை நிறைய அள்ளி, இதற்கென்ன குறை வைப்பது என்று, கோலத்தின் பாதிவரைக்கும் தாராளமாகப் போட்டுவிட்டேன். மூட்டை தீர்ந்ததால் மீதிப் பாதி தப்பித்தது.

இரண்டாம் நாள் அந்தப் பாதி தீய்ந்துபோயிருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். மைத்துனனும் பலன் பார்க்க வந்து நின்றிருந்தான்.

"ஏனுங்க! பச்சை எருவைக் கொண்டாந்து யாராச்சும் பச்சப்புள்ளத் தலையில கொட்டுவாங்களா? அறிவு வேண்டாமா? அவன் கோழிக்காரன், அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்களுக்கு எங்கீங்க போச்சு புத்தி? ஒரு வார்த்தை என்னையக் கேக்கோணும்னு தோணலையா? ஊட்டுல நான் ஒருத்தி இருக்கறேனா, இல்லையா?"

மைத்துனன் வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாமல் தள்ளிக்கொண்டே தெருமுனைக்குப் போய்விட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கொட்டகையில் தறி நின்றிருந்தது. என்னைத் திட்டுவதற்காகத் தறியை நிறுத்தியிருக்கிறாள்! இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. வந்துபோகிறவர்களை யார் திட்டுவார்கள்? செடி போனதற்கு எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சிரிக்கறதைப் பாரு" என்று இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து எருவைக் கையால் வழித்து எடுத்தோம். தீய்ந்தது தீய்ந்ததுதான். மீதிப் பாதிக் கோலம் நின்றது.

மார்கழிப் பனி அதற்கு ஒத்துக்கொண்டது. வாசலில் அவள் பெரிய கோலங்களாகப் போட்டுத் தள்ளிய மாதத்தில், பக்கத்தில் பாப்பியும் முழங்கால் உயரத்துக்கு வந்தது. தண்டெல்லாம் மெல்லிய முடி. மொட்டு வந்தது. வந்த வேகத்தில் எல்லா மொட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. போயிற்று, வாடிவிட்டது என்று நான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மகளைக் கேட்டால், அது அப்படித்தான் இருக்குமாம், பூக்கிற நாளில் தானாக நிமிருமாம். எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

பொங்கல் வந்தது, போனது. மொட்டு நிமிரவில்லை. சின்ன முதலாளி செய்தி அனுப்பிவிட்டார், வண்டி வடக்கே கிளம்புகிறது என்று. நான் அதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படித்தேன். "அப்படிங்களா" என்றாள். மறுநாள் பரணிலிருந்து என் பயணப் பையை இறக்கித் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். போகவில்லை என்று நான் சொல்லிவிடலாம்தான். ஆனால் இருங்கள் என்று அவள் வாயிலிருந்து வராமல் நானாக இருந்துகொண்டால், அது நாள் கடந்து தங்கிவிட்ட ஒரம்பரை மாதிரிதானே? கொடியில் அந்தப் பை காய்ந்துகொண்டே இருந்தது. எடுத்து மடிக்க அவளும் வரவில்லை, நானும் போகவில்லை.

அதற்கு அடுத்த காலை, டீ டம்ளரோடு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள்வரை தொங்கிக்கிடந்த ஒரு மொட்டு நேராக நிமிர்ந்திருந்தது. மேலே மூடியிருந்த பச்சைத் தொப்பி பிளந்து, உள்ளே கசக்கி வைத்த சிவப்புத் துணி மாதிரி இதழ் தெரிந்தது. வெயில் ஏற ஏற அது சுருக்கம் நீங்கி விரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. சுழித்த இடத்தில் இன்னொன்று.

"ஏம்புள்ள, வா வா!"

வந்தாள். தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப்பார்த்து, "தலையில வெக்க ஆகாது, சாமிக்கும் ஆகாது. எதுக்குத்தானுங்க ஆகும் இது?" என்றாள்.

"பாக்கறதுக்கு ஆகுமுங்க அக்கா" என்றுவிட்டு என் மனைவி கொட்டகைக்குப் போனாள்.

நான் அங்கேயே நின்றேன். முதல்நாள் பூத்த பூ மறுநாளே இதழ் உதிர்க்குமாம், ஆனால் மொட்டு வரிசையாக நிற்கிறது. எல்லாம் பூத்து முடிந்து, காய் முற்றிக் காய்ந்தால் செடியும் போய்விடும். வேர் தங்காது. விதையை எடுத்துவைத்து அடுத்த மழைக்கு மறுபடி தூவினால்தான் உண்டு. அப்போது நான் எந்த ஊர்ப் பாறையில் நின்றுகொண்டிருப்பேனோ.

கொட்டகையில் அவள் போன் அடித்தது. தறிச் சத்தத்தில் அவளுக்கும் காது பாதிதான். அதனால் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், ஊருக்கே கேட்கும். எனக்கே கேட்டது. முதலாளி.

"ஏனுங்க அக்கா, அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கறாரு. வண்டி நாளைக்குக் கெளம்புது. அனுப்பி வெக்கறீங்களா?"

தறி நின்றது. நான் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

"இல்லீங்க தம்பி. இங்க பூச்செடி போட்டிருக்குது, இன்னைக்குத்தான் பூத்துது. காய் முத்தி வெதை எடுக்கற வரைக்கும் அவரு வர முடியாதுங்க."

"அதுக்கென்னுங்க அக்கா, அப்புறம் வரட்டும். எப்ப முடியும்?"

"அப்புறம் ஐப்பசிக்கு மறுபடியும் தூவோணுமே தம்பி. வருசா வருசம் தூவற செடிங்க இது. நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

அந்தப் பக்கம் முதலாளி சிரிப்பது கேட்டது. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை, மறுபடி தறி ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, வேலையிருப்பவன் மாதிரி பாட்டிலை எடுத்துத் தேவையில்லாமல் தண்ணீர் தெளித்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். என் முன்னால் அடி நெளிந்த ஒரு வட்டல் வந்து விழுந்தது, அவளுடையதைப் போலவே இன்னொன்று. முந்தின நாள் ரசம், அப்பளம். பெரிய வட்டலைத் தேய்த்துத் துடைத்து ஓரமாக வைத்திருந்தாள்.

"சாப்பிட்டுட்டு கொடியில கெடக்கற அந்தப் பையை எடுத்து, இந்தப் பெரிய வட்டலை அதுக்குள்ள போட்டு மேல பரண்ல ஏத்திருங்க" என்றாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "ஒரம்பரை வந்தா எறக்கிக்கலாம்."